கமியாய்த் திருச்சபை: தாய்மொழியும் உள்ளூர்த் தலைமையும்

மேற்கு அமெரிக்கச் சிற்றூர்த் திருச்சபைகளின் வரலாறு பெரும்பாலும் குடியேறிய வெள்ளையரின் வரலாறாகவே எழுதப்பெறுகிறது. ஐடகோ மாநிலக் கமியாயில் 1871இல் நிறுவப்பெற்ற பிரெஸ்பிட்டேரியன் திருச்சபை இதற்கு விதிவிலக்கு. அது நெஸ் பெர்ஸ் பழங்குடியினருக்குரியது.

இதற்கான அடித்தளம் முன்னரே அமைந்தது. 1836இல் லாப்வாயில் மறைப்பணியைத் தொடங்கிய ஹென்றி ஸ்பால்டிங், 1839இல் அம்மக்களின் மொழியில் நூல் அச்சிட்டார். 1847இல் அண்டைப் பணித்தளத்தில் விட்மன் இணையர் கொல்லப்பட்டபின் அவர் வெளியேறினார். எனினும் மக்களிடையே வழிபாடு முற்றிலும் மறையவில்லை.

பின்னர் வந்த சூ மெக்பெத் அம்மையார் பழங்குடி ஆடவருக்கு இறையியல் கற்பித்தார். அவர்களுள் இராபர்ட் வில்லியம்ஸ் 1879இல் போதகரானார். ஆயின் அக்கல்வி மரபுச் சடங்குகளைக் கைவிடுமாறும் வற்புறுத்தியது. உள்ளூர்த் தலைமையை உருவாக்கிய பணியே மரபுப் பண்பாட்டின் ஒரு பகுதியை விலக்கியது. இவ்விரண்டையும் ஒருங்கே நோக்கினால்தான் இத்திருச்சபையின் வரலாறு முழுமை பெறும்.