பதில் சொல்லிப் பழகியவர்

2010இல் பாரதிய ஜனதா கட்சியின் செய்தித் தொடர்பாளராக நியமிக்கப்பட்டவர் நிர்மலா சீதாராமன். அடுத்த 9 ஆண்டுகளில் அவர் நாட்டின் நிதியமைச்சர். மக்களவைத் தேர்தலில் ஒருமுறைகூட நிற்காமல், மாநிலங்களவை வழியாகவே இந்த உயரத்தை எட்டினார். கட்சிக்காகவோ ஆட்சிக்காகவோ பேசியவர்கள் ஆட்சியின் மேல்மட்டத்துக்கு வருவது வேறு நாடுகளிலும் உண்டு. அர்ஜென்டினா அதிபர் ஹவியேர் மிலேயின் செய்தித் தொடர்பாளராக இருந்த மனுவேல் அடோர்னி, 2025 நவம்பரில் அமைச்சரவைத் தலைவரானார்.

நிர்மலா 1959 ஆகஸ்ட் 18 அன்று மதுரையில் பிறந்தார். தந்தை ரயில்வே ஊழியர். திருச்சி சீதாலட்சுமி ராமசுவாமி கல்லூரியிலும் டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் பொருளாதாரம் படித்தார். லண்டனில் சில காலம் வேலை பார்த்துவிட்டு ஹைதராபாத்தில் குடியேறினார். 2003 முதல் 2005 வரை தேசிய மகளிர் ஆணைய உறுப்பினர். செய்தித் தொடர்பாளரானபோது மத்தியில் காங்கிரஸ் கூட்டணி ஆட்சி. கேள்வி முடிவதற்குள் தரவுகளோடு பதில் தருபவர் என்று தொலைக்காட்சி விவாதங்களில் பெயர் வாங்கினார்.

2014 மே மாதம் இணையமைச்சர், 2017 செப்டம்பர் 3 அன்று பாதுகாப்புத் துறை அமைச்சர். இந்திரா காந்தி பிரதமர் பதவியோடு சேர்த்துக் கவனித்த அந்தத் துறைக்கு முழுநேர அமைச்சராக வந்த முதல் பெண் இவரே. ரஃபேல் போர் விமான ஒப்பந்தச் சர்ச்சையில் அரசின் குரலாக நின்றார். 2019 ஜனவரி 4 அன்று மக்களவையில் பதிலளித்தபோது, அந்த ஒப்பந்தத்தில் ஒதுக்கப்பட்டதாக எதிர்க்கட்சிகள் சொன்ன அரசு நிறுவனமான இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸுக்கு 1 லட்சம் கோடி ரூபாய் மதிப்பிலான ஆர்டர்கள் தரப்பட்டுள்ளதாகச் சொன்னார். எதிர்க்கட்சிகள் கணக்குக் கேட்டன. மூன்று நாள் கழித்து விளக்கம் வந்தது: கையெழுத்தானவை சுமார் 26,570 கோடி, பரிசீலனையில் இருப்பவை 73,000 கோடி. இரண்டையும் கூட்டினால் தொகை சரிதான். ஆனால் கைக்கு வந்த ஆர்டரும் வரவிருக்கும் ஆர்டரும் ஒன்றல்ல.

நிதியமைச்சராக அவர் அறிவித்த முடிவுகளில் திருவள்ளூர் மாவட்டத்தை நேரடியாகத் தொட்டது ஆவடி விவகாரம். ராணுவத் தளவாடத் தொழிற்சாலை வாரியம் கார்ப்பரேஷனாக மாற்றப்படும் என்று 2020 மே 16 அன்று அறிவித்தார். இது தனியார்மயம் அல்ல என்றும் அழுத்திச் சொன்னார். தொழிற்சங்கங்கள் அதை ஏற்கவில்லை. 2021 அக்டோபர் 1 முதல் 41 ஆலைகளும் 7 அரசு நிறுவனங்களாகப் பிரிந்தன. டாங்கிகள் செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலையும் அதன் அருகிலுள்ள எஞ்சின் தொழிற்சாலையும், ஆவடியையே தலைமையிடமாகக் கொண்ட ஆர்மர்ட் வெஹிக்கிள்ஸ் நிகாம் நிறுவனத்தின் கீழ் வந்தன. ராணுவ உடைத் தொழிற்சாலை கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட வேறொரு நிறுவனத்துக்குப் போனது. அந்த ஆண்டு வந்த சட்டம் பாதுகாப்புத் தளவாட உற்பத்தியில் வேலைநிறுத்தத்தைத் தடைசெய்ய வழி செய்தது. ஊழியர்களுக்கு நெடுநாள் ஆறாத புண் அது.

அவர் வாய்ச்சொல்லே சர்ச்சையான தருணங்களும் உண்டு. 2019 செப்டம்பரில் வாகன விற்பனை சரிந்து, எண்ணூர் அசோக் லேலண்ட் ஆலை ஒரே மாதத்தில் 16 நாள் வேலையில்லா நாட்களை அறிவித்திருந்தது. அதே வாரம் சென்னையில் செய்தியாளர்களிடம் பேசியவர், சரிவுக்கான காரணங்களில் ஒன்றாக இளைஞர்கள் கார் வாங்காமல் ஓலா, ஊபரில் போவதைச் சொன்னார். விற்காமல் நின்றவற்றில் லாரிகளும் இருந்தன. லாரிக்கு மாற்றாக ஊபர் வராது என்பதால் அந்த விளக்கம் தொழிலாளர்களிடம் எடுபடவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் மக்களவையில் வெங்காய விலை பற்றிய விவாதத்தில், தம் வீட்டில் வெங்காயம் அதிகம் சேர்ப்பதில்லை என்ற பொருளில் சொன்ன ஒரு வரி மட்டும் வெட்டப்பட்டு நாடெங்கும் சுற்றியது. விலையைக் குறைக்க எடுத்த நடவடிக்கைகளை அவர் விளக்கியது யாருக்கும் நினைவில்லை. அந்த ஒன்றில் அவருக்கு நியாயம் செய்யப்படவில்லை.

2024 செப்டம்பர் 9 அன்று அவர் தலைமையில் கூடிய 54ஆவது ஜிஎஸ்டி கவுன்சில், பழைய இரும்பு வணிகத்துக்குப் புது விதி வகுத்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருக்காலைகளுக்கு ஸ்கிராப்தான் மூலப்பொருள். காயலான் கடைகளில் சேரும் இரும்பு லாரியில் வந்து, உலையில் உருகி, பில்லட்டாகி, கட்டுமானக் கம்பியாக வெளியேறுகிறது. 2024 அக்டோபர் 10 முதல், ஜிஎஸ்டி பதிவில்லாதவரிடம் ஸ்கிராப் வாங்கும் பதிவுபெற்ற வணிகர் 18 சதவீத வரியைத் தாமே கட்ட வேண்டும். விற்பவரும் பதிவுபெற்றவர் என்றால் 2 சதவீதம் பிடித்தம். போலி பில் மூலம் நடக்கும் வரி ஏய்ப்பை அடைப்பது நோக்கம். கட்டிய வரியை உள்ளீட்டு வரியாகத் திரும்பப் பெறலாம். ஆனால் முதலில் கட்டப் பணம் வேண்டும், அதில்தான் சிறு ஆலைகளின் சிரமம்.

அந்தக் கவுன்சில் கூட்டத்துக்கு இரண்டே நாள் கழித்து, கோவையில் தொழில்துறையினர் கூட்டம். அன்னபூர்ணா உணவகக் குழுமத்தின் சீனிவாசன், பன்னுக்கு வரியில்லை, அதில் கிரீம் வைத்தால் 18 சதவீதமா என்று நகைச்சுவையாகக் கேட்டார். மறுநாள் அவர் அமைச்சரைத் தனியே சந்தித்து வருத்தம் தெரிவித்தார். அந்தக் காட்சி கசிந்தது, தமிழகம் கொதித்தது. வீடியோ வெளியானதற்கு அப்போதைய மாநில பாஜக தலைவர் அண்ணாமலை மன்னிப்புக் கேட்டார். தேர்தல் பத்திரங்கள் தொடர்பாக பெங்களூருவில் நீதிமன்ற உத்தரவின்பேரில் நிர்மலா மீது வழக்குப் பதிவானதும் அதே மாதம். கர்நாடக உயர் நீதிமன்றம் டிசம்பரில் அதை ரத்து செய்தது.

செய்தித் தொடர்பாளருக்கு எதிரே இருப்பவர் எதிர்க்கட்சிக்காரர், அவருக்கு விட்டுக்கொடுக்காமல் பதில் சொல்வதே வேலை. நிதியமைச்சருக்கு எதிரே இருப்பவர் வரி கட்டுபவர். கோவைக் கூட்டத்தில் எழுந்த கேள்வி நியாயமானது. 2025 செப்டம்பர் 22 முதல் கேக், பேஸ்ட்ரி, பிஸ்கட் உள்ளிட்ட பேக்கரிப் பண்டங்களுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அந்த முடிவை எடுத்த கவுன்சில் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவரும் நிர்மலா சீதாராமன்தான்.