புகார் கொடுத்தாயிற்று, அடுத்து என்ன?

"அடி வாங்கியது நான். போலீசில் புகார் கொடுத்தும் அவனைப் பிடிக்கவில்லையே!" பட்டர்வொர்த் நேயர்கள் பலரின் மனக்குறை இது. காரணம் என்ன?

வழக்கின் பாதையைக் காயமே முடிவு செய்கிறது. கையால் அடித்த சாதாரணக் காயத்துக்குத் தண்டனைச் சட்டத்தின் 323ஆவது பிரிவு பொருந்தும். ஓராண்டு வரை சிறை, 2,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டுமே கிடைக்கலாம். ஆனால் இதில் வாரண்ட் இல்லாமல் போலீசார் கைது செய்ய முடியாது. சாட்சிகளை அழைத்து விசாரிக்கவும் அரசு வழக்கறிஞரின் உத்தரவு வேண்டும்.

எலும்பு முறிந்தால் 325ஆவது பிரிவு. ஏழாண்டு வரை சிறை. ஆயுதத்தால் காயப்படுத்தினால் 324ஆவது பிரிவு. பத்தாண்டு வரை சிறை. இவற்றுக்கு வாரண்ட் தேவையில்லை. கணவன் மனைவியை அடித்தால், 1994ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டப்படி, சிறு காயமானாலும் உடனே கைது செய்யலாம்.

எனவே அன்றே அரசாங்க மருத்துவமனைக்குச் சென்று காயத்தைப் பதிவு செய்யுங்கள். குற்றஞ்சாட்டுவதா இல்லையா என்பதை முடிவு செய்பவர் அரசு வழக்கறிஞர். நீதிமன்றத்தில் நீங்கள் சாட்சி மட்டுமே.

அதற்காக வாய்மூடிக் காத்திருக்க வேண்டியதில்லை. வாரண்ட் தேவைப்படாத வழக்கு என்றால், நான்கு வாரம் கழிந்ததும் புகார் கொடுத்த நிலையத்தில் விசாரணை நிலவரத்தைக் கேளுங்கள். இரண்டு வாரத்துக்குள் பதில் தரவேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஏ பிரிவு. புகார் நகல் பத்திரம்!