ஆப்பச் சட்டியும் கறுப்புத் தொட்டியும்

மொட்டை மாடியில் நிற்கும் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து ஒருமுறை உள்ளே எட்டிப் பாருங்கள். வாய் ஓர் ஆள் இறங்கும் அளவுதான். உள்ளேயோ நெஞ்சுயரத்துக்கு வெற்றிடம். சுவரில் ஒட்டுப் போட்ட அடையாளம் இல்லை, பற்றவைத்த தடம் இல்லை. பிளாஸ்டிக் வாளியைப் போல உள் அச்சு, வெளி அச்சு வைத்து இதைச் செய்திருந்தால், அவ்வளவு பெரிய உள் அச்சை இந்தச் சின்ன வாய் வழியாக எப்படி உருவியிருப்பார்கள்?

உள் அச்சு என்று ஒன்று இல்லவே இல்லை என்பதுதான் விடை.

ஆப்பம் சுடத் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மாவை ஊற்றி, சட்டியின் இரு காதையும் பிடித்து ஒரு சுழற்று சுழற்றினால் ஓரமெல்லாம் மெல்லியதாகப் படிந்துவிடும்; மிச்ச மாவு நடுவில் தேங்கித் தடிமனாக வேகும். அந்தச் சட்டியின் மேல் இன்னொரு சட்டியைக் கவிழ்த்து மூடி, எல்லாப் பக்கமும் விடாமல் புரட்டிக்கொண்டே தீயில் காட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். மாவு எங்கும் தேங்க முடியாது. உட்புறம் முழுவதும் ஏறக்குறைய ஒரே கனத்தில் படிந்துவிடும். ரொட்டேஷனல் மோல்டிங் எனப்படும் சுழல் வார்ப்பு இவ்வளவுதான். மாவின் இடத்தில் பாலிஎத்திலீன் தூள். சட்டியின் இடத்தில் எஃகுத் தகட்டாலோ வார்ப்பு அலுமினியத்தாலோ ஆன உள்ளீடற்ற அச்சு.

பிளாஸ்டிக் மணிகளை அரைத்து அரை மில்லிமீட்டர் அளவுக்கு நைசாக்குகிறார்கள். எடைபோட்டு அச்சுக்குள் கொட்டி மூடுகிறார்கள். இந்த எடையில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஆயிரம் லிட்டர் தொட்டியின் மேற்பரப்பு சுமார் ஐந்தரைச் சதுர மீட்டர். 5 மில்லிமீட்டர் கனச் சுவர் வேண்டுமென்றால் 26 கிலோ தூள் கொட்ட வேண்டும். 20 கிலோ கொட்டினால், வெளியே பார்க்க அதே தொட்டி, அதே வளையங்கள், அதே பெயர். சுவரோ 4 மில்லிமீட்டருக்கும் கீழே. அச்சு மாறாது, கனம்தான் மாறும்.

மூடிய அச்சு ஒரே நேரத்தில் இரண்டு திசைகளில் சுழல்கிறது. 250 டிகிரிக்கு மேல் கொதிக்கும் அடுப்பறைக்குள் அதைத் தள்ளுகிறார்கள். பெரிய தொட்டிகளுக்கு நம் நாட்டில் அதிகம் ஓடுவது இன்னொரு வகை: அச்சு தன்னைத்தானே முழுச் சுற்றாகச் சுற்றியபடியே தொட்டிலைப் போல முன்னும் பின்னும் ஆடும், அடியில் பர்னர் எரியும். இதற்குத் தொழிலில் 'ராக் அண்ட் ரோல்' மெஷின் என்றே பெயர்.

சுழல்வதால் பிளாஸ்டிக் விசிறி அடிக்கப்பட்டுச் சுவரில் ஒட்டுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. வேகம் நிமிடத்துக்குச் சில சுற்றுகள்தான். செக்கு மாட்டுக்கு அண்ணன் என்று சொல்லலாம். தூள் தன் எடையால் எப்போதும் அடியில்தான் கிடக்கும். சூடேறிய சுவர் அதன் வழியாக வந்து போகும்போதெல்லாம் ஒரு படலத்தை அள்ளிக்கொண்டு போகும். தூள் தீர்ந்த பிறகும் வேலை முடியாது. துகள்களுக்கு இடையே சிக்கிய காற்று உருகலுக்குள் கரைந்து மறைய வேண்டும். அச்சுக்குள் இருக்கும் காற்று 200 டிகிரியை எட்டும்போது ஏறக்குறையப் பக்குவம். அதன்பின் சுழற்சியை நிறுத்தாமலேயே காற்றடித்தோ தண்ணீர் தெளித்தோ ஆறவைக்கிறார்கள். ஆறும் பிளாஸ்டிக் சுருங்கித் தானாகவே அச்சை விட்டு விலகுகிறது.

அச்சில் ஒரு சின்னக் காற்றுக் குழாயும் இருக்கும். பார்வைக்கு அற்பம், ஆனால் அது அடைத்துக்கொண்டால் சூட்டில் விரியும் காற்று அச்சின் விளிம்பைக் கிழித்துக்கொண்டு வெளியேறும், ஆறும்போது தொட்டி உட்பக்கமாக நெளியும்.

எங்கும் அழுத்தம் இல்லை என்பதே இந்த முறையின் பலமும் பலவீனமும். நூற்றுக்கணக்கான டன் அழுத்தத்தைத் தாங்கும் கனத்த அச்சு வேண்டாம். எனவே சிறு பட்டறையும் இதில் இறங்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் அச்சையே சூடாக்கி அச்சையே ஆறவைக்க வேண்டும். ஒரு பெரிய பொருளுக்கு அரை மணி, முக்கால் மணி ஆகிவிடும். அதே நேரத்தில், உருகிய பிளாஸ்டிக்கை அழுத்திச் செலுத்தும் இன்ஜெக்ஷன் மெஷின் வாளி வாளியாகத் தள்ளியிருக்கும். அதனால்தான் வாளி இதில் வருவதில்லை. தொட்டி, சாலையில் தண்ணீர் நிரப்பி வைக்கும் தடுப்பு, பூங்காச் சறுக்குமரம், கயாக் படகு, மீனுக்கு ஐஸ் போடும் இரட்டைச் சுவர்ப் பெட்டி போன்ற பெரிய, வெற்று வயிற்றுப் பொருள்கள் வருகின்றன.

முறை பழையது. 1855இல் பிரிட்டனில் ஆர். பீட்டர்ஸ் பெற்ற காப்புரிமை பீரங்கிக் குண்டின் கூட்டுக்காக. 1910இல் இதே சுழற்சியில் உள்ளீடற்ற சாக்லேட் முட்டைகள் பிறந்தன. 1940களில் பொம்மைத் தலைகள். பாலிஎத்திலீன் தூள் 1950களில் வந்த பிறகுதான் பெரிய தொட்டிகளுக்கு வழி பிறந்தது.

நம் ஊரில் எந்தக் கம்பெனி செய்தாலும் அது 'சின்டெக்ஸ் டேங்க்'தான். அந்தப் பெயரின் பிறப்பிடம் குஜராத்தின் கலோலில் இருந்த ஒரு துணி ஆலை. பாரத் விஜய் மில்ஸ் 1975இல் பிளாஸ்டிக்கில் இறங்கியபோது முதலில் செய்தது தண்ணீர்த் தொட்டியை அல்ல, நூற்பாலைகளில் பஞ்சுத் திரியைச் சுருட்டி வைக்கும் உயரமான கேன்களை. தூளைச் சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் 'சின்டரிங்', 'டெக்ஸ்டைல்' இரண்டும் சேர்ந்துதான் சின்டெக்ஸ்.

கறுப்பு நிறம் அழகுக்காக அல்ல. சுமார் இரண்டரை விழுக்காடு கலக்கும் கார்பன் கரி, பாலிஎத்திலீனை வெயில் அரித்துவிடாமல் காக்கிறது; உள்ளே வெளிச்சம் விடாததால் பாசியும் பிடிப்பதில்லை. சித்திரையில் குழாய்த் தண்ணீர் கை சுடுவது அதற்கு நாம் கொடுக்கும் விலை.

விளம்பரங்கள் மூன்றடுக்கு, நான்கடுக்கு என்று எண்ணிக்கை சொல்கின்றன. முதல் படலம் உருகி ஒட்டியபின் வேறு தூளைக் கொட்டினால் அடுத்த அடுக்கு, அவ்வளவுதான். நடு அடுக்கு நுரையாக இருந்தால் சூடு கொஞ்சம் குறையும், உள் அடுக்கு வெள்ளையாக இருந்தால் அழுக்கு தெரியும். உறுதிக்கு அடுக்கின் எண்ணிக்கை சாட்சியல்ல என்பது என் கட்சி. சாட்சி சொல்வது தூளின் தரமும் எடையும் வெந்த பக்குவமும்.

எனவே கடையில் தொட்டியை வெளியே தட்டிப் பார்ப்பதில் பயனில்லை. எடையைக் கேளுங்கள். ஐ.எஸ். 12701 என்ற இந்தியத் தரக் குறி இருக்கிறதா பாருங்கள். பிறகு மூடியைத் திறந்து, டார்ச் அடித்து, உட்சுவரைக் கையால் தடவுங்கள். சொரசொரப்பாகத் தூள் தட்டுப்பட்டால் வேகவில்லை. தீய்ந்த வாடை அடித்தால் அதிகம் வெந்துவிட்டது, சீக்கிரம் வெடிக்கும். இரண்டில் எது இருந்தாலும் அடுத்த தொட்டியைக் காட்டச் சொல்லுங்கள்.