நிறமி இன்மை

அரியலூர் மாவட்டத்து விக்கிரமங்கலம் முதலிய ஊர்களில் கோடை வெயில் கடுமையானது. அவ்வெயிலில் உழவுத்தொழில் புரிவோரின் மேனி கறுத்துக் காணப்படும். அக்கருமை இழிவுடையதன்று. கதிரவனின் புற ஊதாக் கதிர்கள் உட்புகுந்து ஊறு செய்யாவண்ணம் உடல் தானே விரித்துக்கொள்ளும் குடை அது. அக்குடையை ஆக்கும் பொருள் மெலனின் என்னும் நிறமியாகும். தோலுக்கும் மயிருக்கும் கருவிழிக்கும் நிறம் தருவது இதுவே.

இந்நிறமி இல்லாமலோ, மிகக் குறைந்தோ பிறப்போரும் உலகில் உளர். அவர்தம் தோல் வெளுத்திருக்கும். மயிர் வெண்மையாகவோ பொன்னிறமாகவோ தோன்றும். மருத்துவ நூலார் இந்நிலையை அல்பினிசம் என்பர். தமிழில் நிறமி இன்மை எனலாம். உலகில் ஏறத்தாழ 17,000 முதல் 20,000 பேருக்கு ஒருவர் இவ்வாறு பிறக்கின்றனர் என்பது பொதுவான மதிப்பீடு. இது தொழுநோயன்று, பிறந்தபின் ஆங்காங்கே தோன்றும் வெண்புள்ளியுமன்று, தொட்டால் ஒட்டுவதுமன்று.

இதன் காரணம் யாது? முற்பிறப்பின் தீவினை என்பாரும், தாய் கிரகணத்தைக் கண்டமையால் வந்தது என்பாரும் உளர். இவை உண்மையல்ல. உடலில் மெலனின் உண்டாவதற்குச் சில நொதிகள் வேண்டும். அவற்றை ஆக்கும் முறை மரபணுக்களில் அடங்கியுள்ளது. ஒவ்வொரு மரபணுவும் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இணையாய் அமையும். இரண்டில் ஒன்று பழுதுற்றாலும் மற்றொன்று வேலையைச் செய்துவிடும். ஆதலின் அத்தகையோரிடம் குறை வெளிப்படாது. ஆயின், தாய் தந்தை இருவரும் ஒரே மரபணுவின் பழுதினைத் தாங்கியிருப்பின், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நிறமி இன்மை நேர்வதற்கு நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. பெரும்பாலான நிறமி இன்மை இவ்வாறே வருகிறது. 1908ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் ஆர்ச்சிபால்டு காரட், பிறவியிலேயே உடலின் வேதிவினை பிறழ்வதால் தோன்றும் நிலைகளுள் ஒன்றாக இதனை விளக்கிக் காட்டினார்.

ஒரே முன்னோர் வழிவந்தோர் ஒரே பழுதினைப் பெற்றிருத்தல் கூடும். தமிழகத்தில் அத்தை மகனையும் மாமன் மகளையும் மணத்தல் நெடுநாளைய வழக்கம். அத்தகைய மணங்களில் இவ்வாய்ப்புச் சற்று மிகும். எனினும், உறவல்லாதார் மணத்திலும் இது நேர்வதுண்டு. ஆகவே, யாரையும் பழித்தல் தகாது.

நிறமி குறைவதால் தோலினும் மிகுதியாக இடர்ப்படுவது கண்ணேயாம். விழித்திரையின் நடுக்குழி நன்கு வளர்வதில்லை. கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பிழைகளின் அமைப்பும் மாறுபடுகிறது. இதனால் பார்வை மங்கும்; ஒளி கூசும்; கண்மணிகள் தாமே ஊசலாடும். மூக்குக் கண்ணாடி ஓரளவு துணை செய்யுமேயன்றிப் பார்வையை முழுதும் திருத்தாது.

இத்தகைய மாணவன் ஒருவனை வகுப்பின் கடைசி வரிசையில் அமர்த்தினால் கரும்பலகையின் எழுத்து அவனுக்குப் புலப்படாது. வினாவுக்கு விடை கூறாமல் அவன் விழிப்பான். பிறர் அவனை மந்தன் என்பர். குறை கண்ணில் இருக்க, பழி அறிவின்மேல் விழுகிறது. உண்மையில், நிறமி இன்மை அறிவாற்றலைக் குறைப்பதில்லை. முன்வரிசையில், சன்னல் ஒளி முகத்தில் படாதவாறு அமர்த்தி, பெரிய எழுத்து நூலும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் அளித்தால் அவனும் மற்றவரைப்போலக் கற்பான். வெயிலில் செல்லுங்கால் குடை, அகன்ற தொப்பி, முழுக்கைச் சட்டை, நிறக் கண்ணாடி, தோலில் பூசும் வெயில்தடுப்புக் களிம்பு ஆகியன இன்றியமையாதவை. இவற்றைக் கைவிடின் நாளடைவில் தோற்புற்று உண்டாதல் கூடும்.

மாலி நாட்டில் 1949இல் பிறந்த சாலிஃப் கேய்ட்டா நிறமி இன்மையால் இளமையில் புறக்கணிப்புற்றார்; பின்னர்த் தம் இசையால் உலகப்புகழ் எய்தினார். இத்தகையோர்பால் மக்கள் கொண்ட தவறான எண்ணங்களைக் களைதற்பொருட்டு, ஐக்கிய நாடுகள் அவை 2014ஆம் ஆண்டில் சூன் 13ஆம் நாளை விழிப்புணர்வு நாளாக அறிவித்தது.

வெயிலின் கொடுமையைக் குடை தடுக்கும். ஏளனச் சொல்லின் கொடுமையை உடன் பயிலும் மாணவரே தடுத்தல் வேண்டும். பட்டப்பெயரிட்டு அழையாமல் பெயர் சொல்லி அழைத்து, பலகையில் உள்ளதைப் படித்துக் காட்டி, விளையாட்டிலும் உடன் சேர்த்துக்கொள்ளுதல் நன்மாணவர் கடமையாகும்.