கத்தீன்: ஓர் ஆண்டை மாற்றி எழுதிய அரசு

ரஷ்யாவின் ஸ்மோலென்ஸ்க் நகருக்கு அருகில் உள்ளது கத்தீன் காடு. அங்கே போலந்து ராணுவ அதிகாரிகளின் சவக்குழிகள் கிடைத்ததாக 1943 ஏப்ரல் 13 அன்று பெர்லின் வானொலி அறிவித்தது. சோவியத் ரகசிய போலீஸ் 1940இல் அவர்களைச் சுட்டதாக ஜெர்மனி சொன்னது. ஜெர்மானியரே 1941இல் சுட்டதாக மாஸ்கோ சொன்னது. 1941 ஜூலை வரை ஸ்மோலென்ஸ்க் சோவியத் வசம் இருந்தது. அதன்பின் ஜெர்மானியர் கைக்குப் போனது. எனவே ஆண்டு தெரிந்தால் கொலையாளி யார் என்பதும் தெரிந்துவிடும்.

1939 செப்டம்பரில் ஜெர்மனி மேற்கிலிருந்தும் சோவியத் ஒன்றியம் கிழக்கிலிருந்தும் போலந்துக்குள் நுழைந்தன. சோவியத் படையிடம் பிடிபட்ட அதிகாரிகளும் போலீஸாரும் கோசெல்ஸ்க், ஸ்தரொபெல்ஸ்க், ஒஸ்தாஷ்கோவ் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். போருக்காக அழைக்கப்பட்ட மருத்துவர்களும் ஆசிரியர்களும் வழக்கறிஞர்களும் அவர்களில் பலர். ரகசிய போலீஸ் தலைவர் பெரியா, இவர்கள் சோவியத் ஆட்சியின் திருந்தாத எதிரிகள் என்று ஸ்டாலினுக்கு எழுதினார். அந்த முத்திரையே தீர்ப்பாகிவிட்டது. குற்றப்பத்திரிகையும் இல்லை, விசாரணையும் இல்லை. 1940 மார்ச் 5 அன்று ஸ்டாலின், வொரொஷீலொவ், மொலொத்தோவ், மிக்கொயான் ஆகியோர் கையெழுத்திட்டார்கள். அந்த வசந்த காலத்தில் கத்தீன், கார்கிவ், கலீனின் முதலிய இடங்களில் ஏறத்தாழ 22,000 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

சவக்குழிச் செய்தி வெளிவந்ததும், லண்டனில் இருந்த போலந்தின் நாடுகடந்த அரசு செஞ்சிலுவைச் சங்கத்தின் விசாரணையைக் கேட்டது. உடனே அதற்கும் ஒரு முத்திரை விழுந்தது: ஹிட்லரின் கூட்டாளி. அதையே காரணம் காட்டி ஸ்டாலின் அந்த அரசுடன் உறவை முறித்துக்கொண்டார். 1943 செப்டம்பரில் ஸ்மோலென்ஸ்க் மீட்கப்பட்டபின், அறுவைச் சிகிச்சை நிபுணர் புர்தென்கோ தலைமையில் அமைந்த சோவியத் குழு, ஜெர்மானியரே கொலையாளிகள் என்று 1944 ஜனவரியில் முடிவு கூறியது. நியூரம்பர்க் வழக்கிலும் சோவியத் தரப்பு இதையே முன்வைத்தது. தீர்ப்பிலோ கத்தீன் பற்றி ஒரு சொல்லும் இடம்பெறவில்லை. போரில் ஸ்டாலினின் துணை தேவைப்பட்ட பிரிட்டனும் அமெரிக்காவும் தமக்குக் கிடைத்த தகவல்களை வெளியிடாமல் அடக்கி வைத்தன.

பிணங்களின் சட்டைப்பைகளோ வேறு கதை சொல்லின. அவற்றில் இருந்த கடிதங்கள், நாட்குறிப்புகள், செய்தித்தாள்கள் எல்லாம் 1940 வசந்த காலத்தோடு நின்றிருந்தன. வீடுகளுக்கு வந்துகொண்டிருந்த கடிதங்களும் அதே காலத்தில்தான் நின்றுபோயின. கணவனையும் தந்தையையும் இழந்த குடும்பங்களுக்கு உண்மையை உணர்த்த இது போதுமானதாக இருந்தது.

ஆனால் கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த போலந்தில் அதை வெளியில் சொல்ல முடியவில்லை. 1981 ஜூலை 31 அன்று வார்சாவின் பொவொன்ஸ்கி கல்லறைத் தோட்டத்தில், 1940 என்ற ஆண்டு பொறித்த சிலுவை ஒன்று நிறுத்தப்பட்டது. அன்று இரவே போலந்தின் ரகசிய போலீஸ் அதை அகற்றியது. 1985இல் அரசே ஒரு நினைவுச்சின்னம் வைத்து, ஹிட்லரின் பாசிசத்துக்குப் பலியானவர்கள் என்று பொறித்தது. செத்தவர்களின் நினைவுச்சின்னத்திலும் பொய்யே எழுதப்பட்டது.

1990 ஏப்ரல் 13 அன்று, கோர்பச்சேவ் காலத்தில், சோவியத் அரசு பொறுப்பை ஒப்புக்கொண்டது. 1992 அக்டோபரில் யெல்ட்சின் அரசு மூல ஆவணங்களைப் போலந்து அதிபர் வலேசாவிடம் அளித்தது. அவற்றில் 1959இல் உளவுத்துறைத் தலைவர் ஷெலெபின் எழுதிய குறிப்பும் இருந்தது. கொல்லப்பட்டோர் 21,857 பேர் என்று கணக்குச் சொல்லிய அந்தக் குறிப்பு, அவர்களைப் பற்றிய கோப்புகளை அழித்துவிடலாம் என்றும் யோசனை கூறியிருந்தது. பொய் என்று தெரிந்தே ஓர் அரசு அந்த வரலாற்றைப் பரப்பி வந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

கத்தீன் பற்றி உண்மையை முதலில் அறிவித்தது, பல லட்சம் யூதர்களைக் கொன்றுகொண்டிருந்த நாஜி அரசு. அது அறிவித்தது தன் பிரசாரத்துக்காக. எனவே ஓர் அரசை நம்பாதவர் அதன் எதிரியை நம்பிவிடுவதும் தீர்வாகாது. யார் சொன்னார், எந்த முத்திரை குத்தினார் என்பதை விட்டு, தேதியையும் ஆவணத்தையும் கேட்பதே குடிமக்கள் கைக்கொள்ள வேண்டிய வழி.