குழாயில் வருது குளிர்!

ஜன்னலுக்கு வெளியே ஏஸி உறுமும். அதிலிருந்து சொட்டும் தண்ணீர், கீழே போகிறவன் தலையில் குறி தவறாமல் விழும். நமக்குத் தெரிந்த ஏர்கண்டிஷன் இதுதான்.

ஸிங்கப்பூர் மரீனா பே பகுதியில் இந்த ரகளை இல்லை. அங்கே வானளாவிய கட்டடங்களுக்குக் குளிர், குழாயில் வருகிறது. பூமிக்கடியில் ராட்சத ஆலை. தண்ணீரைச் சுமார் 6 டிகிரிக்கு ஜில்லென்று ஆக்கி அனுப்புகிறார்கள். அது கட்டடம் கட்டடமாகப் போய், உள்ளே இருக்கும் சூட்டை வாங்கிக்கொண்டு திரும்பி வருகிறது. மறுபடி ஜில். நடுவில் மீட்டர் ஓடுகிறது. 2006-லிருந்து நடக்கிற வியாபாரம் இது. மரீனா பே சாண்ட்ஸ் ஓட்டலும் வாடிக்கையாளர்தான். மற்ற கட்டடங்களில் கூலிங் டவர் குந்தியிருக்கும் மொட்டை மாடியில் இவர்கள் நீச்சல் குளம் வைத்திருக்கிறார்கள். கொடுத்து வைத்தவர்கள்!

என்னைக் கவர்ந்தது குழாய் இல்லை, ஸார். அதற்குப் பின்னால் இருக்கிற சட்டம்.

"தனியார் கம்பெனிங்கறே. போட்டி வந்தா விலை தானா இறங்கிடும். இதில கவர்ன்மெண்டுக்கு என்ன வேலை?" என்றார் என் ஆபீஸ் நண்பர். எதற்கும் மார்க்கெட்டைக் கூப்பிடுகிறவர்.

கேபிள்காரன் பிடிக்கவில்லை என்றால் டிஷ் மாட்டிக்கொள்ளலாம். குளிர்த் தண்ணீருக்கு அப்படி முடியாது. ரோட்டைத் தோண்டி ஒரு குழாய் போடுவதற்கே கோடிக்கணக்கில் ஆகும். இரண்டாவது குழாய் போட எவன் வருவான்? இருப்பது ஒரே கடை. தவிர, வாடிக்கையாளர்கள் வருவார்கள் என்ற உத்தரவாதம் இல்லாமல் முதல் கம்பெனியே பணம் போடாது. ஆகவே ஸிங்கப்பூர் 2001-ல் சட்டம் போட்டது. குறிப்பிட்ட எல்லைக்குள் கட்டடம் கட்டினால் இந்தக் குளிரைத்தான் வாங்கியாக வேண்டும். கேட்கவே பயமாக இருக்கிறதா? கம்பெனிக்கும் ஒரு கடிவாளம் உண்டு. லைசென்ஸ் கொடுப்பது எரிசக்திச் சந்தை ஆணையம். அவரவர் கட்டடத்தில் சொந்தமாக யந்திரம் வைத்தால் என்ன செலவாகுமோ, அதற்கு மேல் கட்டணம் போகக்கூடாது. 'வாங்கித்தான் ஆகணும்' என்று சொன்ன அதே அரசாங்கம், 'அதுக்கு மேலே வாங்கக்கூடாது' என்றும் சொல்கிறது. நியாயம்தானே?

டென்மார்க்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே. அங்கே குழாயில் வருவது வெந்நீர். மூன்றில் இரண்டு பங்கு வீடுகளைக் கதகதப்பாக வைத்திருப்பது அதுதான். 1979-லேயே சட்டம்: ஆகிற செலவை வசூல் பண்ணிக்கொள், லாபம் பார்க்காதே! பல ஊர்களில் வெந்நீர்க் கம்பெனிக்கு முதலாளியே வெந்நீர் வாங்குகிற ஜனங்கள்தான்.

இப்போது பிரிட்டனுக்கு வாருங்கள். அங்கே சுமார் 5 லட்சம் வீடுகளுக்குப் பொதுக் குழாயில் வெந்நீர். ஃப்ளாட் வாங்கினால் கூடவே குழாயும் வரும். கம்பெனியை மாற்ற முடியாது. கரண்ட், காஸ் கட்டணத்துக்கு 2019 முதல் உச்சவரம்பு உண்டு. இந்த வெந்நீருக்கு மட்டும் கிடையாது. 2018-லேயே போட்டி ஆணையம் 'இதையும் ஒழுங்குபடுத்துங்கள்' என்று சிபாரிசு செய்தது. ஃபைல் தூங்கியது. (ஃபைல்கள் எந்த ஊரிலும் ஒரே ஜாதி!)

2022-ல் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. காஸ் விலை எகிறியது. சொந்த பாய்லர் வைத்திருந்தவனை உச்சவரம்பு ஓரளவு காப்பாற்றியது. குழாய்க்காரனுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அவனுக்காக காஸ் வாங்கியது கம்பெனி. அது வியாபாரக் கணக்கு, வீட்டுக் கணக்கு இல்லையாம்! பில் பல மடங்காகி, குளிர்காலத்தில் ஹீட்டரை அணைத்துவிட்டுக் கம்பளிக்குள் சுருண்டவர்கள் உண்டு. மானியம் பிற்பாடு வந்து சேர்ந்தது.

2023-ல் சட்டம் நிறைவேறியது. புகார் சொல்ல ஓம்பட்ஸ்மன், 2025 ஏப்ரலில். ஆஃப்ஜெம் என்கிற கட்டுப்பாட்டு அமைப்பின் பொறுப்பில் இந்தக் குழாய்கள் வந்தது 2026 ஜனவரி 27-ல். கட்டணம் நியாயமாக இருக்கிறதா என்று இனி அவர்கள் கணக்குக் கேட்கலாம்.

விஷயத்தை நண்பரிடம் சொன்னேன். "உச்சவரம்பு வந்துடுச்சா?" என்றார்.

அது மட்டும் வரவில்லை.