வீட்டில் யாருக்குச் சர்க்கரை?

நாய்க்குச் சர்க்கரை நோய் என்று உறுதியானதும், கூட்டி வந்தவர்களிடம் நான் கேட்கிற முதல் கேள்வி இது. கோவையில் கால்நடை மருத்துவம் பார்க்கிறவளுக்கு மனுசர் சர்க்கரையைப் பற்றி என்ன கவலை என்று சிலர் முகத்திலேயே காட்டுவார்கள். பலர் சிரித்துக்கொண்டே, "எனக்குத்தானுங்க டாக்டரம்மா, ரொம்ப வருசமா இருக்குது" என்பார்கள். கையோடு, "என்கிட்ட இருந்து ஒட்டிக்கிச்சுங்களா?" என்றும் கேட்பார்கள்.

ஒட்டாது. சர்க்கரை தொற்று நோயே அல்ல. ஆனாலும் அது அசட்டுக் கேள்வி இல்லை. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதையே பெரிய அளவில் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். அந்த நாட்டில் நாயைப் பதிவு செய்வது கட்டாயம். செல்லப்பிராணிக்குக் காப்பீடு எடுப்பதும் சாதாரணம். காப்பீட்டுப் பதிவுகளையும் மனிதர்களின் மருத்துவப் பதிவேடுகளையும் இணைத்து, நாயும் உரிமையாளருமாக 2,08,980 ஜோடிகளையும், பூனையும் உரிமையாளருமாக 1,23,566 ஜோடிகளையும் 2007 முதல் 2012 வரை தொடர்ந்தார்கள். முடிவு 2020 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலின் கிறிஸ்துமஸ் இதழில் வந்தது. விளையாட்டாகத் தோன்றும் கேள்விகளை முறையாக ஆராய்ந்து வெளியிடுவது அந்த இதழின் வழக்கம்.

சர்க்கரை உள்ள நாயை வளர்ப்பவருக்கு, சர்க்கரை இல்லாத நாயை வளர்ப்பவரைவிட, இரண்டாம் வகைச் சர்க்கரை வரும் வாய்ப்பு 38 சதவீதம் கூடுதலாக இருந்தது. படித்ததும் பதற வேண்டாம். அந்த ஆய்வில் ஆயிரம் நாய் உரிமையாளர்களில் ஆண்டுக்கு ஏழெட்டுப் பேருக்குப் புதிதாகச் சர்க்கரை வந்தது. 38 சதவீதம் கூடினால் அது பத்து, பதினொன்று ஆகும், அவ்வளவுதான். மறுபக்கமாக, உரிமையாளருக்குச் சர்க்கரை இருந்தால் நாய்க்கு வருமா என்றும் பார்த்தார்கள். 28 சதவீதம் கூடுதல் என்று தெரிந்தது. வயது போன்ற மற்றக் காரணங்களைக் கழித்ததும் அது உறுதியாகச் சொல்ல முடியாத அளவுக்குச் சுருங்கிவிட்டது.

எனக்குச் சுவாரசியமாகப் பட்டது பூனைதான். பூனைக்கும் அதை வளர்ப்பவருக்கும் எந்தத் தொடர்பும் தெரியவில்லை. அதே வீடு, அதே சோபா, ஆனாலும் இல்லை. நாயை யாராவது வெளியே கூட்டிப்போக வேண்டும். பூனை யாரையும் நம்பி நடப்பதில்லை. எஜமானர் சோம்பினால் நாயும் சேர்ந்து சோம்புகிறது என்பது என் ஊகம். எவ்வளவு தூரம் நடந்தார்கள், என்ன தின்றார்கள் என்பதெல்லாம் அந்தப் பதிவேடுகளில் இல்லை. அதனால் இதை ஊகம் என்றுதான் சொல்வேன்.

இதில் ஒரு முரணும் இருக்கிறது. நம் ஊர்ப் பெரியவர்களுக்கு வரும் சர்க்கரை பெரும்பாலும் இரண்டாம் வகை: உடலில் இன்சுலின் இருக்கும், சரியாக வேலை செய்யாது. அதற்கு ஒத்த நோய் பூனைக்குத்தான் வருகிறது. நாய்க்கு வருவது பெரும்பாலும் இன்சுலினே சுரக்காத வகை. மாத்திரை உதவாது, ஊசிதான். அப்படியிருக்க நாயோடு ஏன் தொடர்பு தெரிந்தது? ஒரு வழி கணைய அழற்சி. கொழுப்பு மிகுந்த மிச்சம் மீதியைத் தின்று கணையம் வீங்கினால், இன்சுலின் சுரக்கும் செல்களும் சேர்ந்து அழிந்துபோகலாம். தீபாவளிக்கு மறுநாள், பிரியாணி விருந்துக்கு மறுநாள் எங்கள் வாசலில் வாந்தியோடு நிற்கும் நாய்களை நினைத்தால் எனக்கு இது புதிராகவே இல்லை. உரிமையாளரின் சர்க்கரையோடு சேராத இன்னொரு வழியும் நாய்க்கு உண்டு: கருத்தடை செய்யாத பெட்டை நாய்கள். ஹீட் முடிந்த பிறகு அவற்றின் உடலில் கூடும் ஹார்மோன்கள் இன்சுலினை எதிர்த்து நிற்கும். நேரத்தோடு சூலகத்தையும் கருப்பையையும் எடுத்துவிட்டால் சில நாய்களுக்குச் சர்க்கரையே விலகிவிடுகிறது. "பாவம், ஒரு குட்டியாவது போடட்டும்" என்று தள்ளிப்போடுகிறவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

உடல் பருமனில் வீட்டின் பங்கு இன்னும் வெளிப்படை. கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தினர் 268 நாய்களை எடை பார்த்து 2019இல் எழுதினார்கள்: பருமனான உரிமையாளர்களிடம் இருந்த நாய்களில், எடை கூடியவை மற்றவர்களிடம் இருந்ததைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். தீனி கொடுக்கும் விதத்திலும் வித்தியாசம் இருந்தது. ஒல்லியானவர்கள் பழக்குவதற்காகக் கொடுக்கிறார்கள். பருமனானவர்கள் ஓய்வாக உட்கார்ந்து தாங்கள் தின்பதில் கடைசி வாயைக் கொடுக்கிறார்கள். டென்மார்க்கில் அது சாண்ட்விச், இங்கே டீயில் நனைத்த பிஸ்கெட். "அவன் நாய்ச் சாப்பாடு தொடறதே இல்லைங்க, தயிர் சாதந்தான்" என்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. நாயின் விலா மேல் கையை வைத்து எலும்பைத் தேடச் சொல்வேன். லேசாகத் தடவினாலே தட்டுப்பட வேண்டும். தேடிக்கொண்டே இருப்பார்கள்.

எல்லாவற்றையும் வீட்டுக்காரர் தலையில் கட்டுவதும் நியாயமில்லை. லாப்ரடார்களில் ஏறக்குறைய கால்வாசிக்கு, வயிறு நிறைந்த உணர்வைத் தரும் ஒரு மரபணுவில் சிறு துண்டு இல்லை என்று கேம்பிரிட்ஜில் 2016இல் கண்டார்கள். அந்த நாய் பசிக்கிறது என்று உங்கள் முகத்தைப் பார்ப்பது நடிப்பு அல்ல.

மன அழுத்தமும் பகிரப்படுகிறதாம். ஸ்வீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தில் 58 நாய்களின் முடியிலும் அவற்றை வளர்க்கும் பெண்களின் முடியிலும் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் அளவைப் பார்த்தார்கள். வளர்ப்பவளுக்குக் கூடினால் நாய்க்கும் கூடியிருந்தது. ஆனால் அழுத்தம் வேறு, நோய் வேறு.

சர்க்கரையில் தப்பித்த பூனை சிகரெட்டில் மாட்டிக்கொள்கிறது. புகை பிடிப்பவர் வீட்டில் வளரும் பூனைகளுக்கு லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு இரு மடங்குக்கும் மேல் என்று 2002இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு காட்டியது. மூச்சில் போவது ஒருபுறம். ரோமத்தில் படிந்ததையும் அது நாள் முழுக்க நக்கி விழுங்குகிறது. "நான் பால்கனியிலதானுங்க பிடிக்கிறேன்" என்பார்கள். சட்டையில் ஒட்டிய புகை அவர்களோடு உள்ளே வந்து, பூனை படுக்கும் மடியில் இருக்கும்.

நோய் ஒன்றாக இருந்தால் மருந்தையும் ஒன்றாக்கிவிடத் தோன்றும். அங்கேதான் எனக்குப் பயம். ஃபிரிட்ஜ் கதவில் அப்பாவின் இன்சுலின் குப்பியும் நாயின் குப்பியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். மில்லிக்கு 40 யூனிட் மருந்துக்கு ஒரு சிரிஞ்ச், 100 யூனிட் மருந்துக்கு வேறு சிரிஞ்ச். மாற்றிப் போட்டால் அளவு இரண்டரை மடங்கு ஏறும் அல்லது இறங்கும். குப்பியில் நாயின் பெயரை எழுதி ஒட்டுங்கள். உங்கள் சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையைப் பாதியாக உடைத்து நாய்க்குக் கொடுக்காதீர்கள். வீட்டுக் குளுக்கோமீட்டர் நாய் ரத்தத்தில் உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும் என்பதால், அந்த எண்ணை நம்பி நீங்களாக ஊசி அளவை மாற்றாதீர்கள்.

மிக முக்கியம், சர்க்கரைக்காரருக்காக வாங்கி வைக்கும் சுகர்-ஃப்ரீ மிட்டாய், சூயிங்கம். சிலவற்றில் சைலிடால் என்ற இனிப்பூட்டி இருக்கும். மனிதருக்கு ஒன்றும் செய்யாது. நாய் தின்றால் அதன் கணையம் இன்சுலினைக் கொட்டிவிடும். அரை மணி, ஒரு மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை தரைமட்டத்துக்கு இறங்கித் தள்ளாடும், வலிப்பு வரும், கல்லீரலும் கெடலாம். நாய் அதைத் தின்றது தெரிந்தால் உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்கப் பார்க்காமல், மிட்டாய்க் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு அப்போதே கிளம்பி வாருங்கள். நடு ராத்திரி என்றாலும் சரி.